கைக்காசு கொடுக்க லாரிக்காரர் ஏன் ஓடி வருகிறார்?

கேள்வி: கரூர் பக்கம் ஒரு கிராமம் எங்களுக்கு. என் வீட்டுக்காரர் கொத்தனார், வயது 38. நாலு மாதத்துக்கு முன்னால் வேலை முடிந்து ராத்திரி ஒன்பதே முக்கால் மணிக்கு பைக்கில் திரும்பும்போது, பைபாஸில் ஒரு ஹோட்டலுக்கு முன்னால் நின்றிருந்த லாரியின் பின்னால் மோதி அந்த இடத்திலேயே போய்விட்டார். லாரியில் பின் விளக்கு எரியவில்லை என்று ஓடி வந்து தூக்கியவர்கள் சொன்னார்கள். ஆனால் ஸ்டேஷனில் புகார் கொடுத்தது லாரி டிரைவர். எப்ஐஆரில் என் வீட்டுக்காரர் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ ஓட்டி வந்து மோதியதாக எழுதியிருக்கிறது. இறந்தவர் மேலேயே கேஸ் என்பதால் முடித்துவிட்டோம் என்கிறார்கள். ஹெல்மெட் அன்றைக்கென்று பெட்ரோல் டேங்க் மேல் இருந்தது. மூத்தவள் எட்டாவது, சின்னவன் நாலாவது. மாமியார் எங்களோடுதான் இருக்கிறார்.

போன வாரம் லாரிக்காரர் இரண்டு பேரோடு வீட்டுக்கு வந்தார். ஒன்றரை லட்சம் தருகிறேன், முத்திரைத்தாளில் கையெழுத்துப் போடுங்கள் என்றார். அந்தத் தாளைப் போட்டோ எடுத்து இதோடு அனுப்பியிருக்கிறேன். ஆர்சி வேறொருவர் பேரில் இருக்கிறதாம், இவர் போன வருடம்தான் வாங்கினாராம். ஒரே வண்டியை வைத்துப் பிழைக்கிறவர். கேஸ் போட்டு அவர் குடும்பத்தையும் தெருவில் நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. ‘தப்பு நம்ம பக்கம், வாங்கிக்கொண்டு விடு’ என்கிறார் அண்ணன். ஆஸ்பத்திரியில் பிணவறை வாசலிலேயே ஒருவர் வந்து, வக்கீல் ஏற்பாடு செய்கிறேன், வருகிறதில் கால் பங்கு கொடுத்தால் போதும் என்று நாலைந்து தாளில் கையெழுத்து வாங்கிப் போனார். அதற்குப் பிறகு போனே இல்லை. நான் என்ன செய்வது?

பெயர் வேண்டாம், கரூர் மாவட்டம்

சகோதரிக்கு,

அந்த முத்திரைத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மீதி எல்லாவற்றையும் நிதானமாகப் பேசலாம்.

நீங்கள் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கி இரண்டு முறை படித்தேன். முதல் பத்தி ஆறுதல். மூன்றாவது பத்தியில் பணக் கணக்கு. விஷம் நடுவில் இருக்கிறது: ‘மேற்படி விபத்தானது எனது கணவரின் கவனக்குறைவால் மட்டுமே ஏற்பட்டது என்பதையும், மேற்படி லாரி அச்சமயம் விளக்குகள் எரிந்த நிலையில் முறையாக நிறுத்தப்பட்டிருந்தது என்பதையும் நான் நன்கு அறிவேன்.’ ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு நீங்கள் வீட்டில் பையனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்திருப்பீர்கள். பைபாஸில் எந்த விளக்கு எரிந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? ஆனால் இதில் உங்கள் கையெழுத்து விழுந்துவிட்டால், நாளைக்குக் கூண்டில் நிற்கும்போது இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் இந்த ஒரு வரியைத்தான் உங்களுக்குப் படித்துக் காட்டுவார்.

கடைசி வரியில் ‘எனது மைனர் குழந்தைகள் சார்பிலும் வருங்காலத்தில் எவ்வித நஷ்டஈடும் கோர மாட்டேன்’ என்று இருக்கிறது. மைனர் பிள்ளைகளின் உரிமையை, நீதிமன்ற அனுமதி இல்லாமல், தாயாகவே இருந்தாலும் நீங்கள் எழுதிக் கொடுக்க முடியாது. உங்கள் மாமியாரின் பங்கையும் எழுதிக் கொடுக்க முடியாது. எழுதியவருக்கும் இது தெரிந்திருக்கும். தாளின் நோக்கம் அந்த நடு வரி.

இனி ஒரு கேள்வி. லாரிக்காரர் ஏன் கைக்காசு கொடுக்க வருகிறார்?

நான் வக்கீல், இருபது வருடத்துக்கு மேல் எம்.சி.ஓ.பி., அதாவது வாகன விபத்து நஷ்டஈட்டு வழக்குகள் நடத்துகிறேன். எல்லாப் பேப்பரும் சரியாக இருக்கிற லாரிக்காரர் பெரும்பாலும் வீடு தேடி வருவதில்லை. வந்தாலும் துக்கம் விசாரித்துவிட்டு, ‘இன்சூரன்ஸ் இருக்கும்மா, கேஸ் போட்டு வாங்கிக்கோங்க’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். லாரிக்கு எடுத்திருக்கும் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் அதற்குத்தான். உயிரிழப்பானால் அந்த பாலிசிக்கு இவ்வளவுதான் என்ற உச்ச வரம்பு கிடையாது. இந்த வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயம் சொல்லும் தொகையைக் கம்பெனி கட்டும், உரிமையாளர் வீட்டுக் கூரை மேல் யாரும் கை வைக்க மாட்டார்கள். ஒன்றரை லட்சத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு ஒருவர் வருகிறார் என்றால், ஏதோ ஒரு பேப்பரில் ஓட்டை இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. வந்தவர் நல்ல மனிதராகவும் இருக்கலாம். இரண்டும் ஒன்றாக இருக்க முடியும்.

ஓட்டை எது என்பதைப் பொறுத்துத்தான் அவருக்கு எவ்வளவு பாதிப்பு என்பது. எஃப்சி (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) காலாவதி, பெர்மிட் இல்லை, டிரைவர் லைசென்ஸில் குறை என்றால் உங்களுக்குப் பெரிய கவலை வேண்டாம். இந்த மாதிரி வழக்குகளில் பெரும்பாலும் ‘முதலில் நீ கொடு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்’ என்றுதான் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு உத்தரவாகும். லைசென்ஸ் விஷயத்தில் 2004-ல் ஸ்வரண் சிங் வழக்கிலும், பெர்மிட் விஷயத்தில் 2018-ல் அம்ரித் பால் சிங் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான். உங்களுக்குக் கம்பெனியிடமிருந்து பணம் வரும், பிறகு கம்பெனி அவர் கதவைத் தட்டும். அவர் பயப்படுவது அந்தத் தட்டலுக்கு. விபத்து நடந்த தேதியில் பாலிசியே உயிரோடு இல்லை என்றால்தான் நிலைமை வேறு. அப்போது முழுத் தொகையும் உரிமையாளர் தலையில் விழும், வசூலிப்பதும் கஷ்டம். அதனால் முதல் வேலையாக லாரி நம்பரை வைத்து எம்-பரிவாகன் செயலியில் இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். எட்டாவது படிக்கிற உங்கள் மகளே இரண்டு நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவாள்.

ஆர்சி வேறொருவர் பேரில் இருப்பதை நினைத்துக் குழம்ப வேண்டாம். ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டத்தின் கண்ணில் உரிமையாளர். விற்றுவிட்டேன், கை மாறிவிட்டது என்பதெல்லாம் அவர்களுக்குள் இருக்கும் கணக்கு என்று 2018-ல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. மனுவில் ஆர்சிக்காரர், வாங்கியவர், இன்சூரன்ஸ் கம்பெனி மூன்று பேரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்கச் சொல்லுங்கள். ஒருவரை விட்டால் அவர் பக்கம் கையைக் காட்டித்தான் மற்றவர்கள் தப்பிப்பார்கள்.

‘தப்பு நம்ம பக்கம்’ என்கிறாரே உங்கள் அண்ணன், அதற்கு வருகிறேன்.

எப்ஐஆரைப் பார்த்துத்தான் அவர் அப்படிச் சொல்கிறார். எப்ஐஆர் என்பது முதலில் ஸ்டேஷனுக்குப் போனவர் சொன்ன கதை. உங்கள் விஷயத்தில் முதலில் போனவர் லாரி டிரைவர். ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ என்ற இரண்டு வார்த்தையும் தமிழ்நாட்டில் விபத்து எப்ஐஆர் எல்லாவற்றிலும் இருக்கும், ஸ்டேஷன் ரைட்டரின் பேனாவிலேயே ஊறிக் கிடக்கும் வார்த்தைகள். இறந்தவர் மேல் வழக்கு, அவர் இல்லை, அதனால் ‘ஆக்‌ஷன் டிராப்ட்’ என்று, அதாவது மேல் நடவடிக்கை இல்லை என்று, கட்டி வைத்திருப்பார்கள். தீர்ப்பாயத்தை இது கட்டுப்படுத்தாது. அங்கே சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. எந்தப் பக்கம் நம்பத் தகுந்தது என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த எப்ஐஆரை உடைக்க நீங்கள் ஒரு சாட்சியையாவது கொண்டுவர வேண்டும். சும்மா இருந்தால் அதுவே நிற்கும்.

நின்ற லாரி நிரபராதி என்று ஒரு நினைப்பு நம் ஊரில் இருக்கிறது. சட்டத்தில் அப்படி இல்லை. மற்றவர்களுக்கு ஆபத்து வரும்படி பொது இடத்தில் வண்டியை நிறுத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-வது பிரிவு தடுக்கிறது. ராத்திரியில் ரோட்டோரம் நிறுத்தினால் பார்க்கிங் விளக்கு எரிய வேண்டும், பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் இருக்க வேண்டும், பின்பக்கம் கீழே ஒரு இரும்புத் தடுப்பு இருக்க வேண்டும். அந்தத் தடுப்பு எதற்கென்றால், பின்னால் மோதுகிற வண்டி லாரிக்கு அடியில் போய்ச் சொருகிக்கொள்ளக் கூடாது என்பதற்கு. எத்தனை லாரியில் அது உருப்படியாக இருக்கிறது என்று அடுத்த முறை பைபாஸில் போகும்போது பாருங்கள். ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் எஃப்சிக்குப் போகும்போது புதிதாக ஒட்டுவது, அடுத்த மழையில் சேறு மூடிவிடும்.

ராத்திரியில் விளக்கில்லாமல் நின்ற கேஸ் டேங்கரில் ஒரு கார் மோதிய வழக்கில், உயர் நீதிமன்றம் பாதிப் பழியைக் கார் ஓட்டியவர் மேல் போட்டது. 2018-ல் அர்ச்சித் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை நீக்கி, முழுப் பொறுப்பும் டேங்கருடையது என்றது. 2024-ல் சுஷ்மா வழக்கிலும் நெடுஞ்சாலையில் எச்சரிக்கை இல்லாமல் விடப்பட்ட லாரி விஷயத்தில் அதே முடிவுதான். ஆனால் உங்களுக்கு வெறும் நம்பிக்கை கொடுத்து அனுப்ப மாட்டேன். ‘ஹெட்லைட் வெளிச்சத்தில் அவ்வளவு பெரிய லாரி தெரியவில்லையா?’ என்று கம்பெனி வக்கீல் கட்டாயம் கேட்பார், அந்தக் கேள்வி சில நீதிபதிகளிடம் எடுபடும். கால்வாசி, மூன்றில் ஒரு பங்கு, ஏன் பாதி வரைகூட இறந்தவர் மேல் போட்டுக் குறைத்த தீர்ப்புகளை நானே கையில் வாங்கியிருக்கிறேன். குறைப்பதும் குறைக்காததும் விளக்கைப் பற்றி என்ன சாட்சி இருக்கிறது என்பதில்தான் நிற்கிறது.

பல வருடம் முன்னால் நான் நடத்திய ஒரு வழக்கு. பிரேக்டவுன் ஆன லாரி, பின்னால் மொபெட். டிரைவர் கூண்டில் ஏறி, சாயந்திரம் ஆறு மணிக்கே லாரியைச் சுற்றிக் கல் வைத்து, பின்னால் வேப்பந்தழை கட்டிவிட்டேன் என்று அடித்துச் சொன்னார். நம் பக்கம் வழக்கமாகச் செய்கிறதுதானே, நீதிபதியும் தலையாட்டினார். விபத்து ராத்திரி பதினொன்றுக்கு. மறுநாள் காலை எட்டு மணிக்கு மேல் எடுத்த போட்டோ ஒன்று எங்களிடம் இருந்தது. அதில் தழை அப்போதுதான் ஒடித்தது போல விறைப்பாக நின்றது. ‘ஆறு மணிக்கு ஒடித்த தழை, பதினாலு மணி நேரம் கழித்தும் ஒரு இலைகூடத் துவளவில்லையே, எந்த மரம்?’ என்று கேட்டேன். டிரைவர் நீதிபதியைப் பார்த்தார், நீதிபதி போட்டோவைக் கேட்டு வாங்கினார். அந்தத் தழை மட்டும் வழக்கை வென்று தரவில்லை, டீக்கடைக்காரர் ஒருவர் வந்து சாட்சியும் சொன்னார். ஆனாலும் காலையில் போட்டோ எடுத்து வைத்த அந்தப் பையனை நான் இன்றும் நினைப்பதுண்டு.

உங்களிடம் அப்படி என்ன இருக்கிறது என்று தேடுங்கள். தூக்கிய ஆட்கள் யார் யார்? அவர்களில் யாராவது செல்போனில் படம் எடுத்து ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருப்பார்கள், அழிவதற்குள் வாங்கி வையுங்கள். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதையும் எழுதி வையுங்கள். ஹோட்டல் கேமரா பதிவு நாலு மாதத்தில் அழிந்திருக்கும், இருந்தாலும் ஒரு தடவை நேரில் போய்க் கேளுங்கள். ஹோட்டலில் வேலை செய்த ஆள் சொல்லும் ‘லாரி ஏழு மணியிலிருந்தே இருட்டில் நின்றது’ என்ற ஒரு வாக்கியம் கேமராவுக்குச் சமம். ஸ்டேஷனிலிருந்து எப்ஐஆரோடு பார்வை மகஜர் (விபத்து நடந்த இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதியது), மாதிரி வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை எல்லாவற்றுக்கும் நகல் வாங்குங்கள். எப்ஐஆர் நகல் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே கிடைக்கும். வரைபடத்தில் லாரி நின்ற இடம் மண்ணிலா தார் ரோட்டிலா, ரோட்டின் ஓரக் கோட்டிலிருந்து எத்தனை அடி உள்ளே என்று பாருங்கள். சக்கரம் ஒன்று தார் ரோட்டில் இருந்தால்கூட வழக்கு உங்கள் பக்கம் சாயும். ஆய்வாளர் அறிக்கையின் கடைசி வரி, விபத்து எந்த இயந்திரக் கோளாறாலும் ஏற்படவில்லை என்று வழக்கம்போல இருக்கும், அதைப் பார்த்துச் சோர்ந்துவிடாதீர்கள். லாரியின் பின்பக்கத்தைப் பற்றி மேலே என்ன எழுதியிருக்கிறார், ஒன்றுமே எழுதவில்லையா என்பதுதான் முக்கியம். எழுதவில்லை என்றால் உங்கள் வக்கீல் அவரைக் கூண்டுக்கு அழைத்துக் கேட்கலாம்.

வழக்கை முடித்துவிட்டோம் என்று உங்களுக்கு ஆர்சிஎஸ் நோட்டீஸ் கொடுத்தார்களா? கொடுத்திருந்தால் மாஜிஸ்திரேட் முன்னால் ஆட்சேப மனு போடலாம். கொடுக்கவே இல்லை என்றால், விளக்கு எரியாததைப் பார்த்த ஆட்களின் பெயரோடு மாவட்டக் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் ஒரு மனு அனுப்புங்கள். அதனால் போலீஸ் மனசு மாறுகிறதோ இல்லையோ, நீங்கள் எப்ஐஆரை ஏற்றுக்கொண்டு சும்மா இருக்கவில்லை என்பதற்கு அந்தத் தபால் ரசீது ஆதாரம்.

ஹெல்மெட் விஷயத்தை மறைக்க வேண்டாம், மகஜரில் எப்படியும் இருக்கும். ஹெல்மெட் போடாததால் விபத்து நடக்கவில்லை. தலைக் காயத்தால்தான் உயிர் போனது என்றால் ஒரு சிறு பங்கைக் கழிக்கச் சில தீர்ப்பாயங்கள் பார்க்கும். சட்டத்தை மீறியது மட்டும் போதாது, அந்த மீறலுக்கும் விபத்துக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்று 2020-ல் முகமது சித்திக் வழக்கில் சொல்லப்பட்டிருக்கிறது. அந்த வழக்கில் ஒரே பைக்கில் மூன்று பேர் போயிருந்தார்கள்.

ஒன்றரை லட்சம் என்பது எவ்வளவு சின்னத் தொகை என்று இனிமேல் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். அண்ணனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள்.

கொத்தனாருக்குச் சம்பளச் சீட்டு இல்லை என்பதால் வருமானம் பூஜ்யம் ஆகிவிடாது. 2008-ல் நடந்த ஒரு விபத்தில் காயப்பட்ட காய்கறி வியாபாரி ஒருவருக்கு, எந்த ரசீதும் இல்லாமலே மாதம் 6,500 ரூபாய் வருமானம் என்று 2014-ல் சையது சாதிக் வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. இன்றைய கூலிக்கு மாதம் 18,000 என்று தீர்ப்பாயம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். 40 வயதுக்குள் இருக்கும் சுயதொழில்காரருக்கு வருங்கால உயர்வாக 40 சதவீதம் கூட்ட வேண்டும், இது 2017-ல் பிரணய் சேத்தி வழக்கில் வந்த விதி. 25,200 ஆகிறது. அவரை நம்பியிருந்தவர்கள் நாலு பேர் என்பதால் அவருடைய சொந்தச் செலவாக நாலில் ஒரு பங்கைக் கழித்தால் 18,900. வருடத்துக்கு 2,26,800. வயது 38 என்றால் பெருக்கும் எண் 15, இது 2009-ல் சரளா வர்மா வழக்கில் போட்ட அட்டவணை. பெருக்கினால் 34,02,000. இதோடு மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் நாலு பேருக்கும் அவரைப் பிரிந்ததற்காகத் தலைக்கு 48,400, ஈமச் செலவு 18,150, சொத்து இழப்பு என்ற தலைப்பில் இன்னொரு 18,150. பிரணய் சேத்தியில் போட்ட தொகை மூன்று வருடத்துக்கு ஒரு முறை 10 சதவீதம் ஏறி 2023 முதல் இந்த அளவில் நிற்கிறது. கூட்டினால் 36,31,900 ரூபாய். கால்வாசிப் பழியை உங்கள் வீட்டுக்காரர் மேல் போட்டுக் கழித்தால்கூட 27,23,925. பாதியைக் கழித்தாலும் 18,15,950.

வருமானத்தை 15,000 என்று எடுத்தால் தொகை இறங்கும். அதனால்தான் தொழிலுக்கு ஆதாரம் தேடச் சொல்கிறேன். கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டை இருக்கிறதா? இருந்தால் அவர் கொத்தனார் என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை, வாரியத்திலிருந்து விபத்து மரண உதவியும் தனியாகக் கேட்கலாம். அவர் வேலை பார்த்த மேஸ்திரியோ எஞ்சினியரோ வந்து, இவருக்கு நாள் கூலி இவ்வளவு கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும். மாதாமாதம் கட்டிய குழுக் கடன் தவணையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டண ரசீதும்கூட வருமானத்தைப் பேசும்.

உங்கள் மாதிரி நிறைய பேர் விழும் குழி ஒன்றும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-வது பிரிவின்படி யார் மேல் தப்பு என்று நிரூபிக்காமலே உயிரிழப்புக்கு 5 லட்சம் கிடைக்கும். ‘சுலபமாக முடிந்துவிடும், இதில் போட்டுவிடுவோம்’ என்று யாராவது சொல்லலாம், கம்பெனியே கூப்பிட்டுக் கொடுக்கவும் முன்வரலாம். அதை ஏற்றுக்கொண்டால் 166-வது பிரிவில், தப்பை நிரூபித்து முழு நஷ்டஈடு கேட்டு நீங்கள் போடும் பெரிய மனு அதோடு செத்துப்போகும், சட்டத்திலேயே அப்படி எழுதியிருக்கிறது. விளக்குக்கு ஒரு சாட்சிகூடக் கிடைக்கவில்லை என்றால் அந்த 5 லட்சத்தை யோசிக்கலாம். அதுவும் கடைசியில்.

லாரியை விட்டுவிட்டு உங்கள் வீட்டு பீரோவைத் திறங்கள். பைக் அவர் பேரில் இருந்து, லைசென்ஸும் இருந்து, பைக் இன்சூரன்ஸில் ஓட்டும் உரிமையாளருக்கான தனிநபர் விபத்துக் காப்பீட்டுக்குப் பணம் கட்டியிருந்தால், பைக் கம்பெனியிடமிருந்து 15 லட்சம் வரவேண்டும். இதற்கு யார் மேல் தப்பு என்ற கேள்வியே கிடையாது. பாலிசியில் ‘பி.ஏ. கவர்’ என்று ஒரு வரியும் அதற்கு எதிரே ஒரு பிரீமியம் தொகையும் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஒரு வரியைப் பார்க்காமல் 15 லட்சத்தை விட்டவர்கள் ஏராளம். பிறகு அவருடைய வங்கிப் பாஸ்புக். வருடத்துக்கு ஒரு முறை 20 ரூபாய் பிடித்திருந்தால் பிரதமர் சுரக்‌ஷா பீமா திட்டத்தில் 2 லட்சம் கேட்க உரிமை உண்டு. அங்கே காலக்கெடு குறைவு, தாமதமாகிவிட்டது என்பார்கள், எழுத்தில் மனுக் கொடுத்து முத்திரை வாங்கிவிடுங்கள். இதெல்லாம் அவர் பிரீமியம் கட்டி வாங்கியவை, லாரி நஷ்டஈட்டில் கழிக்கக் கூடாது என்று வாதாட நல்ல ஆதாரம் இருக்கிறது. ஆயுள் காப்பீட்டுப் பணத்தைக் கழிக்கக் கூடாது என்று 1998-லேயே ஹெலன் ரெபெல்லோ வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது.

பிணவறை வாசலில் வாங்கிய கையெழுத்து. எனக்கு எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது, என் தொழில்காரர்களின் பெயரில் நடக்கும் வேலை அது. வருகிற தொகையில் இத்தனை பங்கு என்று வழக்கறிஞர் பேசவே கூடாது, பார் கவுன்சில் விதி அதைத் தடை செய்கிறது. நீங்கள் போட்டது வக்காலத்தாகத்தான் இருக்கும். உங்கள் பெயரில் ஏற்கெனவே ஏதாவது மனு தாக்கலாகி இருக்கிறதா என்று இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் உங்கள் பெயரையும் கணவர் பெயரையும் போட்டுத் தேடச் சொல்லுங்கள். கரூர் மட்டும் போதாது, பக்கத்து மாவட்டங்களிலும் பாருங்கள். ஒரே விபத்துக்கு இரண்டு ஊரில் இரண்டு மனு கிடந்தால் பழி உங்கள் மேல் வரும். ஒன்றும் இல்லையென்றால், அந்த ஆளுக்கு ‘நான் கொடுத்த கையெழுத்துகளைத் திரும்பப் பெறுகிறேன்’ என்று பதிவுத் தபால் ஒன்று. மனு இருந்தால், ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கி வக்கீலை மாற்றிக்கொள்ளலாம். வங்கிப் பாஸ்புக்கையோ கையெழுத்துப் போட்ட காசோலையையோ எந்த வக்கீலிடமும் விட்டு வைக்காதீர்கள், என்னிடமும்தான்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் கரூர் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண் என்ற ஒரே காரணத்துக்காக, வருமானம் எவ்வளவு என்று கேட்காமல், அவர்கள் உங்களுக்கு இலவசமாக வக்கீல் வைத்துத் தர வேண்டும். 15100 என்ற எண்ணுக்கு போன் செய்தாலும் வழி சொல்வார்கள்.

காலக்கெடு பற்றி. 1994-க்குப் பிறகு வெகு காலம் இந்த மனுவுக்குக் கெடுவே கிடையாது, அதனால்தான் ‘எப்போது வேண்டுமானாலும் போடலாம்’ என்று ஊரில் இன்னும் சொல்கிறார்கள். 2019 திருத்தம் அதை மாற்றியது. 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட்டாக வேண்டும். இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் நடக்கின்றன, காலம் கடந்தது என்பதற்காக மனுக்களைத் தள்ள வேண்டாம் என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்திருக்கிறது. அதை நம்பி உட்காராதீர்கள். உங்களுக்கு இரண்டு மாதம் கூட முழுசாக இல்லை. ஆவணம் எல்லாம் சேரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், எப்ஐஆர், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று கையில் வந்ததும் மனுவைப் போடுங்கள், மற்றவை பின்னால் சேரும். விபத்து நடந்த ஊரிலும் போடலாம், நீங்கள் குடியிருக்கும் ஊரிலும் போடலாம்.

மனுப் போட்டதும் பணம் வந்துவிடாது. இரண்டு மூன்று வருடம் ஆகலாம். மனுத் தேதியிலிருந்து வட்டி உண்டு, நம் பக்கம் பெரும்பாலும் 7.5 சதவீதம் போடுகிறார்கள். நடுவில் லோக் அதாலத்துக்குக் கூப்பிட்டால் போங்கள், ஆனால் முதலில் சொல்கிற தொகைக்குத் தலையாட்டாதீர்கள், அங்கே முடித்துக்கொண்டால் அப்பீல் கிடையாது. தீர்ப்பு வந்தபின் பிள்ளைகளின் பங்கை 18 வயது வரை வங்கியில் போட்டு வைப்பார்கள், வட்டியை நீங்கள் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்கலாம். மகள் காலேஜ் சேரும் வருடம் அந்தப் பணத்தில் ஒரு பகுதியை எடுக்கவும் தனியாக மனுப் போடலாம்.

லாரிக்காரர் திரும்ப வருவார். வந்தால் முகம் சுளிக்க வேண்டாம், உட்கார வைத்து ஒரு டீ கொடுங்கள். அன்றைய தேதிக்கான பாலிசி, எஃப்சி, பெர்மிட், டிரைவர் லைசென்ஸ் நாலையும் போனில் படம் எடுத்துக்கொள்கிறேன் என்று கேளுங்கள். அண்ணன் கூட இருக்கட்டும். நாலில் எதைக் காட்டத் தயங்குகிறார் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.